கான்டனீஸில் எரிச்சலைச் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங்குக்கு வேலைக்கு வந்தவர்கள், கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சீன நண்பர்களோடு வளர்ந்தவர்கள், ஹாங்காங் தொடர்களைப் பார்த்தே மொழியைப் பிடித்தவர்கள் என்று பலரும் ஹாங்காங்கின் பேச்சுமொழியான கான்டனீஸ் என்னும் சீன மொழி பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் "வணக்கம்", "நன்றி", "இது என்ன விலை?" எல்லாம் இருக்கும். பக்கத்து மேசைக்காரர் ஏன் முகத்தைச் சுளிக்கிறார், வீட்டுக்கார அம்மா பேரனிடம் என்ன சொல்லிக் கத்துகிறார் என்பது இருக்காது. ஆனால் ஒரு ஊரில் நாலு பேரோடு பழக வேண்டுமென்றால் முதலில் காதில் விழுவது இந்தப் பேச்சுதான். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் முடிந்தவரை நெருக்கமாகத் தந்திருக்கிறேன். சுரத்தை, அதாவது ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய குரல் ஏற்ற இறக்கத்தை, மட்டும் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

எரிச்சல் என்றவுடன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் எது?

ஃபான். தொல்லை, எரிச்சல், நச்சரிப்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல் போதும். "ஹோ ஃபான்" என்றால் ரொம்பக் கடுப்பாக இருக்கிறது என்று பொருள். ரயில் தாமதம், கணினி உறைந்து நிற்கிறது, வங்கியில் நாலாவது முறையாக அதே படிவத்தைக் கேட்கிறார்கள் என்றால் எல்லாவற்றுக்கும் பெருமூச்சோடு "ஹோ ஃபான்". ஆளைப் பார்த்துச் சொன்னால் "நெய் ஹோ ஃபான் ஆ", அதாவது "நீ ஒரே தொல்லைப்பா". "என்னைப் படுத்தாதே" என்பதற்கு "ம் ஹோ ஃபான் ஙோ". அந்த முதல் "ம்" தனி அசை. வாயை மூடியபடி சொல்லும் அந்த ஒலிதான் இந்த மொழியில் "இல்லை, வேண்டாம்".

சீன எழுத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் இடப்பக்கம் நெருப்பு, வலப்பக்கம் தலை. தலைக்குள் தீ. பண்டைய அகராதியில் இதற்குக் காய்ச்சலோடு வரும் தலைவலி என்றே பொருள் சொல்லியிருக்கிறார்கள்.

ஃபான் என்றால் சோறு என்றல்லவா படித்தேன்?

அதுவும் ஃபான்தான். சுரம் வேறு. சோறு என்னும் ஃபான் தாழ்ந்த குரலில் நேராக நிற்கும். எரிச்சல் என்னும் ஃபான் தாழ்வில் தொடங்கி இன்னும் கீழே சரியும். புதியவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். திரும்பி வருதல் என்னும் பொருளில் உயர்ந்த குரலில் இன்னொரு ஃபானும் உண்டு. வேலைக்குப் போவதை "ஃபான் குங்" என்பார்கள்.

ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993-இல் வகுத்த யூத்பிங் என்னும் ரோமன் எழுத்துமுறை ஆறு சுரங்களுக்கும் எண் கொடுக்கிறது. சோற்றுக்கு ஆறாம் சுரம், எரிச்சலுக்கு நான்காம் சுரம். எந்தப் புதுச்சொல்லைக் கற்றாலும் அந்த எண்ணையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

நமக்கு இதில் ஒரு பெரிய இடறல் இருக்கிறது. தமிழில் கோபம் வந்தால் குரலை உயர்த்துகிறோம், சொல்லின் பொருள் மாறுவதில்லை. கான்டனீஸில் குரலின் ஏற்ற இறக்கம் சொல்லுக்குச் சொந்தம். அதை உங்கள் கோபத்துக்கு எடுத்துக்கொண்டால் சொல்லே மாறிப்போகும். அவர்கள் கோபத்தைக் காட்டுவது வேகத்திலும் அழுத்தத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் சிறு அசையிலும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உச்சரிப்பில் தமிழருக்குச் சாதகம் ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. குறில் நெடில் வேறுபாடு நம் ரத்தத்தில் ஊறியது. கோழி "கய்", தெரு "காய்". ஐரோப்பியர் இதற்கே திணறுவார்கள். ங வரிசையை நாம் அரிச்சுவடியில் படித்ததோடு சரி, அங்ஙனம், இங்ஙனம் தாண்டி அதற்கு வேலையே இல்லை. இங்கே "நான்" என்பதே "ஙோ". கண் என்பது "ஙான்". இளைஞர்கள் பலர் இப்போது ங-வை விட்டுவிட்டு "ஓ" என்கிறார்கள், "நெய்" என்பதை "லெய்" ஆக்குகிறார்கள். பெரியவர்கள் இதைச் சோம்பேறி உச்சரிப்பு என்று கடிந்துகொள்வார்கள். இரண்டும் காதில் விழும், இரண்டுக்கும் பழகிக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது சொல்லின் இறுதி. "கிக்" என்றால் "கிக்கு" ஆகக் கூடாது. வாயை அந்த இடத்தில் மூடி நிறுத்திவிட வேண்டும், உகரம் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

எரிச்சல் பேச்சில் "ஹெய்" என்ற ஒலி அடிக்கடி வருகிறதே, அது என்ன?

இந்தப் பேச்சின் திறவுகோலே அதுதான். ஹெய் என்றால் மூச்சு, காற்று, உடலுக்குள் ஓடும் உயிர்வளி. கோபம் என்பது அந்த மூச்சுக்கு நேரும் கோளாறு என்பது இவர்கள் பேச்சுக்குள் ஊறிக் கிடக்கும் எண்ணம். சீன மருத்துவத்தில் மட்டும் நிற்கவில்லை, அன்றாடப் பேச்சில் அது அப்படியே உயிரோடு இருக்கிறது.

"கிக் ஹெய்" என்றால் மூச்சைக் கிளறிவிடுவது. ஒருவர் செய்யும் காரியத்தால் நமக்குள் பொறுமுகிறதே, அது. பிள்ளைகள், மாணவர்கள், சொன்ன பேச்சு கேட்காத கணவர் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் தானாக வரும். முற்றினால் "கிக் ஸெய் ஙோ", "என்னைக் கொல்லுதே". "யத் தோ ஹெய்" என்றால் வயிறு நிறைய மூச்சு, அதாவது வெளியே கொட்ட முடியாமல் அடக்கிவைத்த ஆத்திரம். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கும்போது வயிற்றில் இருப்பது அதுதான். அதை அடக்கிக்கொண்டே இருப்பதற்கு "குக் ஹெய்".

எனக்கு மிகவும் பிடித்தது "தியூ ஹெய் ம் ஸொன்". மூச்சு சீராக ஓடவில்லை என்பது நேர்ப்பொருள். தவறு உன்னுடையது இல்லை, ஆனாலும் நீ விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. சண்டை முடிந்துவிட்டது, ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரிந்து எந்த மொழியிலும் இல்லை. தமிழில் "மனசு கேக்கல", "பொறுக்கல" என்று சுற்றித்தான் வர முடிகிறது.

இன்னும் இருக்கிறது. நீட்டி முழக்கிப் பேசுபவர் "ச்சொங் ஹெய்", நீண்ட மூச்சுக்காரர். சொல்லிப் பயனில்லாத ஆளிடம் பேசுவது "ஸாய் ஹெய்", மூச்சை வீணாக்குவது. வாதத்தை முடிக்க "மோ நெய் கம் ஹோ ஹெய்" என்பார்கள். உன்னளவுக்கு எனக்கு மூச்சு இல்லை, ஆளை விடு. கோபத்தில் இருப்பவரை அமர்த்த "ம் ஹோ கம் லோ ஹெய்". இவ்வளவு மூச்சைச் செலவழிக்காதீங்க, உடம்பு கெட்டுடும் என்று. வயதில் மூத்தவரிடமும் தயங்காமல் சொல்லலாம், ஏனென்றால் அது அவருடைய உடல்நலம் பற்றிய அக்கறையாகத்தான் கேட்கும்.

நெருப்பும் வருமா?

வரும். எரிச்சல், கடுப்பு, கொதிப்பு என்று நாமும் சூட்டை வைத்துத்தான் பேசுகிறோம், அதனால் இந்தப் பகுதி நமக்கு எளிது. நெருப்பு என்பது "ஃபோ". "ஃபோ க்வன்" என்றால் கொதித்துப் போயிருக்கிறார். "ஙான் ஃபோ பாவ்" என்றால் பார்த்ததும் கண்ணில் தீப்பொறி வெடிக்கிறது. செய்தி படித்துவிட்டுச் சொல்ல ஏற்றது. "ஃபோ ஜெ ஙான்", நெருப்பு கண்ணை மறைத்துவிட்டது, அதாவது கோபத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை.

கோபத்துக்கான நேர்ச்சொல் "நவ்". அந்த எழுத்தில் இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் நிற்பாள். ஒருமுறை பார்த்தால் மறக்காது. "நவ் பாவ் பாவ்" என்றால் கோபத்தில் வெடிக்கிறார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கும் குழந்தையை, அல்லது காதலியை, "நவ் நவ் ஜூ" என்று கொஞ்சுவார்கள். ஜூ என்றால் பன்றி. செல்லம்தான், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில், உணவகத்தில் முறையிட என்ன சொல்வது?

"யவ் மோ காவ் ச்சோ". ஏதாவது தப்பு நடந்துவிட்டதா, இல்லையா என்பது சொல்லுக்குச் சொல் பொருள். சொல்லும் விதத்தில் அது "என்னங்க இது?", "என்ன நெனச்சுக்கிட்டிருக்கீங்க?", "கொஞ்சமாவது நியாயம் வேண்டாமா?" என்றெல்லாம் ஆகும். கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் எதிரே இருப்பவர் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்கு வருகிறீர்கள் என்றே கொள்வார்.

மதிய நேரத்தில் ஹாங்காங்கின் மோங் கோக் பக்கம் ஒரு சா சான் தெங்குக்குள் நுழைந்து பாருங்கள். பால் தேநீரும் மக்ரோனி சூப்பும் தரும் அந்த உள்ளூர் உணவகத்தில் மேசை பகிர்ந்துதான் உட்கார வேண்டும். பரிமாறுபவர் கண்ணாடிக் குவளையை டக்கென்று வைத்துவிட்டுப் போவார், அதில் கோபம் ஏதும் இல்லை, அவசரம் மட்டும்தான். பக்கத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முதலில் நாக்கால் ஒரு "ச்சு". அப்புறம் தனக்குள் "ஹோ ஃபான்". பிறகு கையைத் தூக்கி, உரக்க: "தாய் லோ, யவ் மோ காவ் ச்சோ ஆ? அரை மணி நேரமாச்சு!" உடனே சமையலறைப் பக்கம் திரும்பிப் பரிமாறுபவரும் அதே சுருதியில் கத்துவார். தட்டு வரும். வந்ததும் இருவரும் எதுவுமே நடக்காததுபோல் இருப்பார்கள். புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்துக் கைகலப்பு வரப்போகிறது என்று பயந்துவிடுகிறார்கள். பயம் வேண்டாம்.

அந்த "தாய் லோ" என்பது பெரிய அண்ணன். எரிச்சலில் வரும்போது "ஐயா சாமி!" என்று நாம் கையெடுத்துக் கும்பிடுவோமே, அந்தத் தொனி. ஆணோ பெண்ணோ, உண்மையில் மூத்தவரோ இளையவரோ, அலுப்பு எல்லை கடந்தால் எதிரே இருப்பவர் தாய் லோ ஆகிவிடுவார்.

வீட்டில் அம்மாக்கள் என்ன சொல்வார்கள்?

இதற்கென்று ஒரு தனி உலகமே இருக்கிறது. மாலை ஏழு மணி, வீட்டுப்பாடம் முடியவில்லை, பையன் கைப்பேசியை விடவில்லை. எந்த அடுக்குமாடிக் கட்டடத்திலும் ஜன்னல் வழியே கேட்கும் தொடர் இது: "ஸாங் கவ் சா ஸியூ ஹோ க்வோ ஸாங் நெய்!" உன்னைப் பெற்றதற்கு ஒரு துண்டு சா ஸியூ பெற்றிருக்கலாம். சா ஸியூ என்பது கடை வாசலில் தேன் பளபளக்கத் தொங்கும் வாட்டிய பன்றி இறைச்சி. அதையாவது சோற்றோடு சாப்பிட்டிருக்கலாம், உன்னால் என்ன பயன் என்பது குறிப்பு. பெற்ற வயிற்றில் பிரண்டையை வைத்துக் கட்டணும் என்று புலம்பும் நம் அம்மாக்களுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஹாங்காங் பிள்ளைகள் எல்லோரும் இதைக் கேட்டே வளர்ந்தவர்கள். பெரியவர்களான பிறகு பாசத்தோடுதான் நினைவுகூர்கிறார்கள்.

தூக்கம் வந்தும் தூங்காமல் சிணுங்கும் குழந்தைக்கு "மங் ஜங்" என்ற அருமையான சொல் உண்டு. காரணமே இல்லாமல் எல்லாவற்றுக்கும் எரிந்துவிழும் மனநிலை. பசியில் இருக்கும் பெரியவர்களுக்கும் பொருந்தும்.

சொல்லின் நடுவே "க்வய்" என்று செருகுகிறார்களே?

க்வய் என்றால் பேய். அழுத்தம் கொடுக்க அதைச் செருகுவார்கள். "ஹோ ஃபான்" போதாதபோது "ஹோ க்வய் ஃபான்". தொல்லை என்பதற்கு "மா ஃபான்" என்று ஒரு சொல் இருக்கிறது. அதையே பிளந்து "மா க்வய் ஃபான்" என்பார்கள். ஒரு சொல்லின் வயிற்றைக் கீறி உள்ளே பேயை வைக்கும் இந்த வித்தை கான்டனீஸ் பேச்சின் சுவைகளில் ஒன்று. "என்ன இழவு இது?" என்னும் இடத்தில் "மத் க்வய் யே" வரும்.

நண்பர்களிடையே தாராளமாகப் புழங்கும் சொல் இது. ஆனால் ஆத்திரம் முற்றியவர்கள் பேய் இருக்கும் அதே இடத்தில் கெட்ட வார்த்தையைச் செருகுவார்கள். அந்த இலக்கணமும் இதேதான், சொல் மட்டும் வேறு.

கடைசி அசை பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே?

ஆம், இதில் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். "ஆ", "லா", "லோ", "மே", "க்வா" போன்ற வாலசைகள்தான் மனநிலையைச் சொல்கின்றன. "ம் ஹோ ஃபான் ஙோ" என்று வெட்டி நிறுத்தினால் கடுமை. "லா" சேர்த்தால் கெஞ்சல் கலந்துவிடும்: "படுத்தாதேப்பா". உயர்ந்த குரலில் "லோ" வந்தால் "இதுகூடத் தெரியாதா, அப்படித்தான்" என்ற சலிப்பு. "மே" வந்தால் நம்பாத கேள்வி. "ம் ஹய் க்வா" என்றால் "அட, இருக்காதே!" அறிவிப்புப் பலகையில் ரயில் ரத்து என்று வந்ததும் மேடையில் நிற்பவர்கள் வாயிலிருந்து வருவது அதுதான்.

சொற்களை நாலு மாதத்தில் பிடித்துவிடலாம். வாலசைகளுக்குப் பேசிப் பழகுவது தவிர வேறு வழி இல்லை. தெரியாத வரை எதையும் ஒட்டாமல் பேசுவதைவிட "ஆ" ஒட்டிப் பேசுவது நல்லது. மரியாதை கெடாது.

கோபம் இல்லை, அலுத்துப்போய்விட்டது. அதற்கு?

"மோ ஃபூ". ஃபூ என்பது தாவோயிசப் பூசாரி பேயோட்ட எழுதித் தரும் மந்திரச் சீட்டு. மோ என்றால் இல்லை. கையில் இருந்த சீட்டெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி என்னால் ஆவதில்லை. அழுத்திச் சொல்ல "மோ ஸாய் ஃபூ".

அடம் பிடிப்பவரிடம் தோற்றுவிட்டால் "பா ஜோ நெய்", உனக்குப் பயந்துட்டேன், உன் இஷ்டம். "ஃபுக் ஜோ நெய்", உன்னிடம் பணிந்துவிட்டேன். பின்னது உண்மையான பாராட்டாகவும் வரும், அதனால் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "கவ் மெங்", உயிரைக் காப்பாற்றுங்கள் என்பதும் அலுப்புக்கு வரும். இவை எல்லாம் யாரையும் புண்படுத்தாதவை.

"திங்", "சீ ஸின்" இவற்றைச் சொல்லலாமா?

இவை நடுத்தரம். "திங்" என்பது கால் இடறினால் வாயில் வரும் சொல். "திங் ம் ஸொன்" என்றால் தாங்க முடியவில்லை, இது எங்கும் சொல்லலாம். "திங் நெய் கோ ஃபய்" என்றால் உன் நுரையீரலில் முட்டுகிறேன். விளையாட்டாக ஒலித்தாலும் முரட்டுப் பேச்சுதான், நெருங்கிய நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"சீ ஸின்" என்றால் கம்பி ஒட்டிக்கொண்டது. பழைய தொலைபேசி இணைப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். "பைத்தியமா உனக்கு?" என்னும் பொருள். தோழிகள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்வார்கள். அந்நியரிடம் சொன்னால் அதே சொல் அடி வாங்கித் தரும். மனநலம் குன்றியவர்கள் முன்னால் இதை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உண்மையான கெட்ட வார்த்தைகள் எவை?

"சோ ஹவ்" என்பார்கள், முரட்டு வாய். உடலுறவையும் உறுப்புகளையும் குறிக்கும் ஐந்து ஒற்றையசைச் சொற்கள் அதன் அடித்தளம். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவற்றைச் சுற்றி வளர்ந்த மறைப்புச் சொற்களைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் அவைதான் தினமும் காதில் விழும். "யியூ", "ச்சியூ" என்று சலித்துக்கொள்வது அந்த ஐந்தில் முதலாவதன் மழுப்பல். முட்டாள் என்று திட்டும் ஒரு கெட்ட தொடரை வீட்டுக்குள் "ஙோங் கொய்" என்று மென்மையாக்குவார்கள். இணையத்தில் இளைஞர்கள் அந்தக் கெட்ட தொடரின் கடைசி அசைக்குப் பதில் ஒன்பது என்ற எண்ணைத் தட்டுவார்கள், ஒன்பதும் அந்தச் சொல்லும் சுரத்தில் மட்டுமே வேறுபடுவதால்.

குடும்பம் முழுவதும் செத்தொழிய வேண்டும் என்ற சாபம் ஒன்று உண்டு. எதிலும் கொடியது அதுதான். அதன் முதல் இரண்டு அசைகளை வைத்துக்கொண்டு மீதியை மாற்றி "ஹம் கா ஃபூ க்வய்" என்பார்கள், குடும்பத்தோடு செல்வச் செழிப்பாக இருங்கள். வாழ்த்துபோல் இருக்கும், கேட்பவருக்கு உள்ளே இருப்பது தெரியும். ஹாங்காங்கின் ஜி.ஓ.டி. என்ற வடிவமைப்புக் கடை "டிலே நோ மோர்" என்று சட்டைகளில் அச்சிட்டு விற்றதும் இதே கலைதான். வெளியூர்க்காரருக்கு அது தாமதிக்காதே என்ற அறிவுரை. உள்ளூர்க்காரர் அதை வேகமாகச் சொல்லிப் பார்த்தால் தாயைப் பழிக்கும் வசை கேட்கும். அந்தச் சட்டையைப் பொருள் தெரியாமல் அணிந்து அலுவலகம் போய்விடாதீர்கள்.

எம்டிஆர் ரயில் வளாகத்தில் ஆபாசமாகப் பேசுவது அதன் துணைவிதிகளின்படி தண்டனைக்குரியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலேசியாவில் "போக்காய்" என்றால் கையில் காசில்லை என்றுதானே பொருள்?

மலேசியாவில் அப்படித்தான். மலாய்ப் பேச்சுவழக்கில் அது பணமில்லாத நிலைக்கு வந்துவிட்டது. மூலம் கான்டனீஸ் "புக் காய்", தெருவில் குப்புற விழு. ஹாங்காங்கில் அது ஆளைத் திட்டும் கடுமையான வசை. கோலாலம்பூரில் வளர்ந்த நம் பிள்ளைகள் "மாசக் கடைசி, நான் போக்காய்" என்று இயல்பாகச் சொல்வார்கள். அதே வாயோடு ஹாங்காங் வந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். கோலாலம்பூர், ஈப்போ கான்டனீஸில் மலாய்ச் சொற்களும் ஹொக்கியன் சொற்களும் கலந்திருக்கும், ஹாங்காங்காரர்களுக்குச் சில இடங்களில் புரியாது. தரக்குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது அந்த ஊரின் மொழி.

"எனக்கும் அழுத்தம், உனக்கும் அழுத்தம்" என்ற தொடர் எங்கிருந்து வந்தது?

2006 ஏப்ரலில் யூன் லோங் செல்லும் 68எக்ஸ் மாடிப் பேருந்தில் இரவு நேரத்தில் ஒரு நடுவயதுக்காரர் கைப்பேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த இளைஞர் தோளைத் தட்டி, மெதுவாகப் பேசச் சொன்னார். அவ்வளவுதான், பெரியவர் எழுந்து திரும்பி நின்று ஆறு நிமிடம்போலப் பொரிந்து தள்ளினார். "நெய் யவ் ஆத் லிக், ஙோ யவ் ஆத் லிக்!" உனக்கும் அழுத்தம் இருக்கு, எனக்கும் இருக்கு. இளைஞர் சமாதானமாகப் பேசியும் "மெய் காய் க்யூத்!", இன்னும் தீரலை, என்று விடவில்லை. இன்னொரு பயணி எடுத்த காணொளி இணையத்தில் பரவி, அந்த இரண்டு தொடர்களும் ஊர் வழக்காகிவிட்டன.

அந்தக் காணொளியில் நான் கவனிக்கச் சொல்வது வசையை இல்லை, அதை யாரும் கற்க வேண்டாம். "ஆத் லிக்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நெரிசலான வீடு, நீண்ட வேலைநேரம், எட்டாத வாடகை எல்லாம் இருக்கும் நகரம் அந்த மனிதரின் வாயில் தன் குரலைக் கேட்டது. அதனால்தான் அந்தத் தொடர் சட்டையிலும் அழைப்பொலியிலும் ஏறியது.

கோபத்தைக் கொட்டித் தீர்க்க வழக்கமான வழி ஏதும் உண்டா?

உண்டு, அதற்கென்று ஓர் இடமே உண்டு. காஸ்வே பேயில் கெனால் சாலை மேம்பாலத்தின் அடியில், உள்ளூர் பேச்சில் "ஙோ கெங் கியூ", வாத்துக்கழுத்துப் பாலம், சின்ன முக்காலிகளில் வயதான பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஊதுவத்தி, மெழுகுவர்த்தி, தெய்வச் சிலைகள். உங்களுக்குக் கெடுதல் செய்பவரின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தால், செங்கல்லின் மேல் அதை வைத்துப் பழைய செருப்பால் மொத்துவார்கள். இதற்கு "தா ஸியூ யன்" என்று பெயர், சிறுமனிதரை அடித்தல். மார்ச் 5 அல்லது 6-இல் வரும் "கிங் ஜத்" நாளில், பூச்சிகள் விழித்தெழும் பருவம் என்பார்கள், அங்கே நீண்ட வரிசை நிற்கும்.

அடிக்கும்போது ஒரு பாட்டு உண்டு: "தா நெய் கோ ஸியூ யன் தவ், தங் நெய் யவ் ஹெய் மோ தெங் தவ்". உன் சிறுமனிதத் தலையை அடிக்கிறேன், மூச்சு இருந்தும் அதை விட உனக்கு இடமில்லாமல் போகட்டும். இங்கேயும் ஹெய்தான். உன்னால் என் மூச்சு சீர்கெட்டது, இப்போது உன் மூச்சுக்கு வழி அடைபடட்டும் என்று கணக்குத் தீர்க்கிறார்கள். அடித்து முடித்த தாளை எரித்துவிட்டு, வந்தவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று வேண்டி அனுப்புவார்கள். அலுவலக உடையில் வந்து, அடித்து முடித்ததும் தோள்பையைச் சரிசெய்துகொண்டு டிராமைப் பிடிக்க நடப்பவர்களை அங்கே பார்க்கலாம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுபவர்களோடு நான் உடன்படமாட்டேன். யார் மேலும் கை படாமல் ஆத்திரம் இறங்குகிறது, கேட்க ஒரு பாட்டியும் கிடைக்கிறார்.

அலுவலகத்தில் எவற்றைச் சொல்லலாம்?

"ஹோ ஃபான்" (வேலையைப் பற்றி, ஆளைப் பற்றி இல்லை), "மோ ஸாய் ஃபூ", "ம் ஹய் க்வா", "கவ் மெங்". இந்த நாலும் போதும். "யவ் மோ காவ் ச்சோ" வேண்டுமென்றால் அச்சு இயந்திரத்திடம் சொல்லுங்கள். மற்றவற்றைக் கேட்டுப் புரிந்துகொள்வதோடு நிறுத்துங்கள். நம்மவர் ஒருவர் கான்டனீஸில் ஒரு வாக்கியம் பேசினாலே அவர்கள் முகம் மலர்ந்துவிடும், அந்த முதல் வாக்கியத்தை வசையில் செலவழிக்க வேண்டாம்.

யாராவது என்மேல் எரிச்சல்பட்டால் என்ன பதில்?

சின்ன விஷயம் என்றால், வழியில் நின்றுவிட்டீர்கள், பையால் இடித்துவிட்டீர்கள் என்றால், "ம் ஹோ யீ ஸீ". உண்மையிலேயே உங்கள் மேல் தவறு என்றால் "தோய் ம் ஜூ", இது கனமான மன்னிப்பு, சில்லறைக் காரியத்துக்கு எடுத்தால் பொருந்தாது. பழகியவர் கோபித்துக்கொண்டிருந்தால் "ம் ஹோ நவ் லா", கோவிச்சுக்காதீங்க. அந்த "லா"வைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். அவர் "மோ நவ் ஆ", கோபமெல்லாம் இல்லை, என்பார். உடனே நம்ப வேண்டாம். சாயங்காலம் ஒரு பால் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.